தன் குற்றங் காணுமாறு

மக்களியல்பினை ஆராய்வார்க்கு வியப்பளிப்பதொன்றுண்டு. அயலானது குற்றத்தைக் கல்லாதவனும் நொடியில் அறிந்து கூறுகின்றான். தன் குற்றத்தை அறிதற்கோ பல நூல் கற்றவனும் வல்லனாகின்றிலன். பிறன் சினந்தால் அது வெகுளி. தான் சினந்தால் அது நேர்மை. பிறன் ஈயாதிருப்பின் உலோபம். தான் ஈயாதிருப்பின் செட்டு. பிறன் அஞ்சினால் கோழைமை; தான் அஞ்சினால் பொறுமை. இங்ஙனம் ஒரே குணத்திற்கு இருவேறு பெயரிடுதல் அறிந்து செய்யும் பொய்யன்று. அவனுக்கு அஃது அவ்வாறே தோன்றுகின்றது. அதற்குக் காரணம் யாது?

செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றிநிற்பது ஆணவமலம் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அதனை இருளோடு ஒப்பிடுவர். ஆயினும் அவ்விரண்டிற்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டென்பதைத் திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரமாகிய இருள்மல நிலையில் உமாபதி சிவாசாரியர் புலப்படுத்துகின்றார். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆதலின் மனிதன் விளக்கைத் தேடுகின்றான். ஆணவமோ பொருளை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். தான் இருளிலிருப்பதை அறியாதவன் விளக்கினைத் தேடுவது யாங்ஙனம்?

அற்றேல், ஒருவன் தன் மனச்சான்றினைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளலாகாதோ எனின், பழிக்கு அஞ்சுவானுக்கு அது பெருந்துணையே. எனினும் அஃதொன்றே அமையாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது. ஆணவத்தைச் சார்ந்த அறிவு ஆணவத்தின் பக்கமே தீர்ப்புக் கூறும். குற்றஞ் சாட்டப்பட்டவனே நடுவனாக அமர்ந்த வழக்கினை அது போலும். கண் அனைத்தையும் கண்டும் தன்னைக் காணாது. தன்னைக் காண அதற்கு ஆடி வேண்டும்.

இவ்வுண்மையைச் சந்தான மரபில் வழங்கும் வரலாறொன்று நன்கு விளக்கும். மெய்கண்டாரின் குலகுருவாய்ச் சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பெற்றவர் அருணந்தி சிவாசாரியர். 13 ஆம் நூற்றாண்டில், இளையராகிய மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் மாணவர்க்கு உபதேசித்திருந்தபொழுது, அருணந்தியார் ஆண்டுச் சென்று ஆணவத்தின் உருவம் யாதென வினவினார் என்றும், மெய்கண்டார் வாய்திறவாது அவரையே குறிப்பாற் காட்டினார் என்றுங் கூறுவர். ஆகமமெல்லாம் உணர்ந்தவர் ஆணவத்தின் இலக்கணம் அறியாதவரல்லர். அது தம்மிடத்து நின்றதனையே அறிந்திலர். கல்வி அதனைப் போக்காது, அதற்குப் போர்வையாயிற்று.

ஆயினும் அவர் சினந்து மீண்டிலர். ஆண்டிலும் ஆசிரியத் தகுதியிலும் தாம் மூத்தவர் என்பதைக் கருதாது அடிபணிந்தார். மெய்கண்டாரை முன்னிலைப்படுத்தி அவர் அருளிய இருபா இருபஃது என்னும் 20 செய்யுள்கள், குருவாயிருந்தவர் மாணவராய் நின்று வினவியமைக்கு அழியாச் சான்றாகும்.

இனி, குற்றங் கூறுவோர் யாவரும் குருவாவரோ எனின், ஆகார். பகையாற் கூறுவாரும் பொறாமையாற் கூறுவாரும் உளர். எனினும் கூறியவன் யாவன் என்பதை விடுத்துக் கூறியது மெய்யோ என்பதை நோக்குவானுக்குப் பகைவன் சொல்லும் பயன்தரும். இளையவன் கூறினான், ஏவலாளன் கூறினான் என்று தள்ளுபவன் தன் ஆடியைத் தானே உடைத்தவனாவான்.

மற்றொன்றும் ஈண்டு மறக்கற்பாலதன்று. பிறர்பால் ஆணவம் உண்டெனத் தூற்றித் திரிதற்கு இக்கொள்கை கருவியாகுமேல், அதுவும் ஆணவத்தின் தொழிலே. மெய்கண்டார் அருணந்தியாரை இகழ்ந்திலர், ஆட்கொண்டார். குற்றங் காட்டுதற்கு உரியவர் அருளுடையாரே.

சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் இறுதியானது, மலம் நீங்கினார்க்கும் மெய்யன்பரோடு கூடியிருத்தலை விதிக்கின்றது. மலம் நீங்கினார்க்கே அடியார் கூட்டம் வேண்டுமெனின், மலத்தினூடே வாழ்வார்க்கு அஃது எத்துணை இன்றியமையாதது! தன்னைத் தான் காணவொண்ணாத உயிர்க்கு, அன்போடு உண்மை கூறும் ஒருவர் வாய்த்தல் திருவருளின் செயலேயாம். அவர் சொல்லைக் கேட்டு வெகுளாது நிற்பதே அவ்வருளுக்கு உயிர் காட்டும் முதல் நன்றியாகும்.