பொம்மைக்கு எதற்கு இத்தனை கனம்?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் நமது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர் அறைவீட்டுக்கு வந்தார்கள். திருநாள் நாடகத்தில் போர்வீரர் வரும் காட்சி ஒன்று உண்டு. ஒருவன் கைபேசியில் ஒரு துப்பாக்கியின் படத்தைக் காட்டி, “சாமி, இது அசலா, போலியா?” என்றான். அசல்தான் என்று சொன்னேன். நால்வரும் சிரித்துவிட்டார்கள். வெளிநாட்டில் விளையாட்டுக்காகச் செய்த போலியாம். அதைப் போல் ஒன்று நாடகத்துக்கு வரவழைக்கலாமா என்று கேட்கவே வந்திருந்தார்கள். அது நம் நாட்டுக்குள் வர இடமுண்டா என்பது வேறு விஷயம். அவர்கள் போன பிறகு, “ஒரு பொம்மையை இவ்வளவு அசலாகச் செய்வானேன்?” என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஏர்சாஃப்ட் என்பது அந்த விளையாட்டின் பெயர். ஜப்பானில் தோன்றியது. இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுடுவார்கள். பாய்ந்து செல்வது 6 மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் உருண்டை; எடை சாதாரணமாக 0.2 கிராம். வில்சுருளோ, அடைத்த வாயுவோ, மோட்டாரோ அதைத் தள்ளும். டோக்கியோ மாருய் என்ற கம்பெனி 1991-இல் மின்சாரத்தால் இயங்கும் துப்பாக்கியை வெளியிட்டது. கண்ணுக்குக் கவசம் இன்றி ஒருவரும் களத்தில் இறங்கலாகாது.

ஓர் உருண்டையைத் தள்ளுவதற்கு என்ன வேண்டும்? உள்ளே ஒரு பித்தளைக் குழாய், ஓர் எஃகுச் சுருள், சில பற்சக்கரங்கள், மேலே ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் கூடு. குழந்தைகளின் பொம்மைகளும் தொலைக்காட்சிப் பெட்டியின் கூடும் செய்யும் அதே பிளாஸ்டிக்தான். வேலை இத்துடன் தீர்ந்தது. ஆனால் செய்பவன் இங்கே நிற்பதில்லை. பிளாஸ்டிக்கு கையில் இலேசாக இருக்கிறது என்று துத்தநாகக் கலவையை உருக்கி வார்க்கிறான். அலுமினியமும் செம்பும் சிறிது சேர்ந்த இக்கலவை எளிதில் உருகும். அச்சிலுள்ள எழுத்தையும் கோட்டையும் பிசகாமல் ஏற்கும். கனத்திலோ எஃகுக்குச் சற்றே குறைவு. செலவழிக்கத் துணிந்தவன் அலுமினியத்தைக் கடைந்து செய்வான். பழைய ராணுவத் துப்பாக்கியின் போலிக்கு மெய்யான மரக்கட்டையையே பொருத்துவான். கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்தால், அசல் கைத்துப்பாக்கிகள் பலவற்றின் உடலும் இக்காலத்தில் அவ்வினத்துப் பிளாஸ்டிக்கே ஆதலால், தொட்டுப் பார்த்தும் பேதம் காண்பது அரிது. இன்னும் கனம் போதாதென்று தோன்றினால் உள்ளே உலோகத் துண்டு ஒன்றை மறைத்து வைப்பதும் உண்டு. அந்தத் துண்டு எதையும் தள்ளுவதில்லை, எதையும் தாங்குவதுமில்லை. கையை நம்பவைப்பதே அதன் முழு வேலை.

ஜப்பானியர் இதில் செய்த ஒன்று எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, யோசிக்கவும் வைக்கிறது. உலோகத்தால் ஆன போலிக் கைத்துப்பாக்கி என்றால் அதன் குழாயை அடைத்து, வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் 1971-இல் விதித்தது. போலியை அசலாக மாற்றிவிடாதபடி 1977-இல் சட்டம் மேலும் இறுகிற்று. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? உலோகத்தைக் கைவிட்டார்கள், பிற்பாடு பிளாஸ்டிக்கிலேயே உலோகத் தூளைக் கலந்தார்கள்! சட்டத்தின் கண்ணுக்கு அது பிளாஸ்டிக்கு. ஆகையால் கறுப்பாகவே இருக்கலாம். பிடித்தவன் கைக்கோ உலோகத்தின் கனம். சட்டத்தை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சாமர்த்தியத்தை மெச்சவும் எனக்கு மனம் முழுதும் வரவில்லை.

அசலைப் போல் ஒன்றைச் செய்வது பொய்யாகுமா? அப்படியானால் நம் கோவில் பீடத்துத் தூண்களின் கதி என்ன? சிமெண்டுத் தூணுக்குப் பளிங்கு வரி தீட்டி வைத்திருக்கிறோம். பணம் கொடுத்தவர்கள் நீங்கள், வேலையை மேற்பார்த்தவன் நான். இதற்காக யாரும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்ததாக நினைவில்லை. அர்ச். அகுஸ்தீனார் இதை வெகு காலத்துக்கு முன்பே ஆராய்ந்தார். மேடையில் வீரனாக நடிப்பவன் பொய் வீரனாக இருப்பதாலேயே மெய் நடிகனாகிறான். படத்திலுள்ள குதிரை மெய்ப்படமாக வேண்டுமானால் பொய்க் குதிரையாக இருந்தே தீரவேண்டும் என்பது அவர் கருத்து. வேடிக்கைப் பேச்சைப் பொய்யோடு சேர்த்து எண்ணலாகாது என்றும் அவர் கண்டார். சொல்லுகிற தொனியே அது வேடிக்கை என்று காட்டிவிடுகிறதன்றோ?

இந்த அளவுகோலை ஏர்சாஃப்ட் களத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. வேறொரு விளையாட்டில் சாய உருண்டையால் சுடுவார்கள். பட்ட இடத்தில் சாயம் தெறிக்கும், மறுக்க முடியாது. இந்தச் சிறு உருண்டையோ சட்டையில் அடையாளம் வைப்பதில்லை. பட்டவனே கையை உயர்த்தி “பட்டது” என்று சொல்லி வெளியேற வேண்டும். அவன் வாயை மூடிக்கொண்டால் ஆட்டம் கெட்டது. ஆகப் பொய்யான ஆயுதம் ஏந்திய இந்த விளையாட்டு ஆட்டக்காரனுடைய மெய்யான நாக்கை நம்பியே நடக்கிறது! அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கனமும் கறுப்பும் அவர்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு நியாயம் தென்படவில்லை.

அதே பொருள் வேலியைத் தாண்டி வெளியே வந்தால் என்ன ஆகிறது? தெருவில் போகிறவன் எந்த ஒப்பந்தத்துக்கும் உட்பட்டவன் அல்ல. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில், 2014 நவம்பர் 22-ஆம் தேதி, டமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் இத்தகைய போலி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பார்த்த ஒருவர் போலீசுக்குப் பேசினார். அது போலியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டு வார்த்தைகளும் அனுப்பப்பட்ட காவலருக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் பையன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான்.

போலியின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும் என்று அந்நாட்டில் 1988 முதல் சட்டம் உண்டு. பையன் கையிலிருந்ததில் அது இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பானா? இரண்டு வினாடியில் யார் கண்டார்? சுட்டவர் குற்றமா, செய்தி சொல்லாதவர் குற்றமா, பிள்ளையின் கையில் கொடுத்தவர் குற்றமா என்று அந்த நாடே வழக்காடிற்று. காவலர்மேல் குற்றம் சாட்ட வேண்டியதில்லை என்று 2015-இல் அங்குள்ள சான்றோர் குழு முடிவு செய்தது. எனக்கு உறுத்துவது இதுதான்: துத்தநாகமும் நைலானும் மரமுமாக அந்தப் போலிகளில் சேர்த்த பொருள்களுக்குள்ளே, அறியாதவனிடம் உண்மை பேசுவது அந்த ஆரஞ்சுத் துண்டு ஒன்றே. விலையில் அற்பம். அழகைக் கெடுக்கிறது என்று முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுவே.

பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சற்று முன்னே போயிற்று. அசலைப் போன்ற போலியை யாருக்கும் விற்கலாகாது. முறையாக விளையாடுகிறவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. மற்றவர் வாங்கினால் பளிச்சென்ற நிறத்திலோ, உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கிலோ வாங்க வேண்டும். அசலின் உருவம் ஒப்பந்தக்காரரோடு நிற்கட்டும் என்பது அதன் நோக்கம் போலும். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. தீபாவளிக்கு நம் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுத் துப்பாக்கியைப் பாருங்கள். தகரம் தகரமாகவே தெரிகிறது. அதனால் எந்தப் பிள்ளைக்காவது சந்தோஷம் குறைந்ததுண்டா?

வாலிபர் சங்கத்தார் வியாழக்கிழமை மறுபடி வந்தார்கள். மேலே எழுதியவற்றைச் சொன்னேன். “அப்படியானால் மேடையிலும் வேண்டாமா, சாமி?” என்று ஒருவன் கேட்டான். மேடையில் ஆகட்டும் என்றேன். தச்சு வேலை தெரிந்த பையன் பலகையில் அறுத்துக் கறுப்பு வர்ணம் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். இரும்புத் துண்டு ஒன்று உள்ளே வைத்தால் பிடிக்க நன்றாயிருக்கும் என்று அவன் கெஞ்சியதற்கும் சம்மதித்தேன். ஒத்திகை முடிந்தால் எல்லாம் சக்கிறீஸ்து அலமாரிக்குள் போகும். சாவி என்னிடம் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்டார்கள். அதற்கு நான் இசையவில்லை.