விட்டதைப் பிடிக்கச் சொல்வது யார்?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் அவர் நிழல்தாங்கல் திண்ணையை விட்டு எழவில்லை. என்ன மக்களே என்று கேட்டதும், "அன்னைக்கு எனக்கு நேரம் சரியில்ல மாமா" என்று தொடங்கினார்.

அங்கே ஒரு கிளப்பில் போக்கர் என்னும் சீட்டாட்டப் போட்டி. 5,000 ரூபாய் கட்டி உட்கார்ந்தார். நடு இரவில் அவர் கைக்கு இரண்டு ஏஸ் வந்தன. அந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய கை இல்லை. 221 முறைக்கு ஒரு முறைதான் அது வரும். இருந்ததை எல்லாம் முன்னே தள்ளினார். எதிராளியிடம் இரண்டு ராஜா. கடைசிச் சீட்டாக இன்னொரு ராஜா விழுந்தது. எல்லாம் போயிற்று.

மறுபடி பணம் கட்டினால் மறுபடி உட்காரலாம் என்றார்கள். கட்டினார், போயிற்று. மூன்றாம் முறையும் கட்டினார். விடியும்போது 15,000 ரூபாய் இல்லை. அது அவருடைய அம்மா அண்டியாபீசில் உழைத்து, மாதம் 1,000 ரூபாய் சீட்டுக் கட்டி எடுத்து, ஒழுகுகிற வீட்டுக்கு ஓடு மாற்ற மகன் கையில் கொடுத்த பணம். அம்மா கட்டிய சீட்டை மகன் ஆடிய சீட்டு தின்றுவிட்டது.

"இரண்டு ஏஸ் வச்சும் தோத்தேனே, இது விதிதானே மாமா?"

இல்லை மக்களே. அந்தக் கை ஐந்து முறை மோதினால் ஏறக்குறைய ஒரு முறை தோற்கும். அது சீட்டின் கணக்கு. ஆனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கை பைக்குப் போனதே, அது யார் வேலை?

குறோணியின் ஆறு துண்டுகளும் யுகந்தோறும் பிறந்ததை அகிலத்திரட்டில் கேட்டிருக்கிறோம். துவாபர யுகத்தில் துரியோதனன். இந்த யுகத்தில் கலியன். துரியோதனன் சபையில் தர்மர் ஒரே உருட்டில் வீழவில்லை. நாடு போனதும் எழுந்திருந்தால் தம்பிமார் மிஞ்சியிருப்பார்கள். தம்பிமார் போனதும் எழுந்திருந்தால் பாஞ்சாலி தப்பியிருப்பாள். விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் அவரை எழ விடவில்லை. கலியனுக்கு இன்று பகடைகூட வேண்டாம். அந்த எண்ணம் ஒன்றே போதும்.

சரி, அன்றைக்கு ஜெயித்திருந்தால்? அந்த மேசையில் பணம் விளைவதில்லை. நடத்துகிறவர் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறார். மிச்சம் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவன் பை. நமக்கு நல்ல இரவு என்றால் இன்னொரு தாய்க்கு ஓடு மாறாத இரவு. தாழ்ந்தவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா நமக்குக் காட்டினார். ஒருவன் தாழ்ந்தால்தான் நமக்கு உண்டு என்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை? நம் அன்னதானப் பந்தியை எண்ணிப் பாருங்கள். அங்கே யாரும் தோற்பதில்லை. எல்லார் இலையிலும் ஒரே சோறு.

"அம்மாவுக்குத் தெரியாம சம்பளத்துல போட்டுடட்டா மாமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அவரைப் பள்ளியறை முன் அழைத்துப் போனோம். இரண்டு விளக்குக்கு நடுவே கண்ணாடி. நெற்றியில் நாமம், தலையில் தலைப்பாகை. தம் முகத்தையே அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறைப்பதற்கு அந்தக் கண்ணாடியில் இடம் இல்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அழுதார், ஏசினார், பிறகு சோறு போட்டார். இப்போது மாதாமாதம் மகன் கட்டுகிறார், அம்மா பெயரில், நல்ல சீட்டு.

மக்களே, கிளப்பானாலும் கைப்பேசியானாலும், விட்டதைப் பிடி என்று உள்ளே ஒரு குரல் கேட்டால் அது கலியின் குரல் என்று அறியுங்கள். அந்த நொடியில் எழுந்து வீட்டுக்கு வாருங்கள். போனதை உழைத்து எடுக்க அய்யா துணை இருப்பார்.

அய்யா உண்டு.