பனியில் ஒரு திவ்ய தம்பதி

"பிள்ளைகள் வெளிநாடு போயாச்சு. இந்த மார்கழிக் குளிரில் வீடே வெறிச்சென்று கிடக்கிறது சுவாமி" என்று ஒரு மாமி கண்கலங்கினார். அவருக்கு பத்ரிநாத்தைச் சொன்னேன்.

108 திவ்ய தேசங்களில் ஒன்றான பத்ரி, 10,000 அடிக்கு மேல் இமயத்தில் இருக்கிறது. பனி வந்தால் ஏறத்தாழ ஆறு மாதம் நடை சாத்திவிடுவார்கள். அப்போது பெருமாள் தனியாகவா இருப்பார்? இல்லையம்மா! கோடையெல்லாம் தனிச் சந்நிதியில் இருக்கிற தாயார், அப்போதுதான் கருவறைக்குள் அவர் பக்கத்தில் எழுந்தருள்கிறாள். அங்கிருக்கும் உத்தவரோ கண்ணனைவிட மூத்தவர். தாயாருக்கு மூத்த மைத்துனர் முறை. அவர் எதிரில் எப்படி உட்காருவாள்? எனவே உத்தவர் முதலில் வெளியே வந்து, பாண்டுகேஸ்வரத்துக்குக் கிளம்பிவிடுகிறார். என்ன நாசூக்கு பாருங்கள்!

மாணா கிராமத்துப் பெண்கள் நெய்து தந்த கம்பளியில் பசுநெய் தடவிப் பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். அகண்ட தீபம் ஏற்றிக் கதவைச் சாத்துகிறார்கள். வெளியே பனி. உள்ளே கூட்டமில்லை, அவசரமில்லை, அவர்கள் இருவரும்தான். நடை திறக்கும்போது அந்தக் கம்பளியே பக்தர்களுக்குப் பிரசாதம்!

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமா பேப்பரும் கையுமா தனியா உட்கார்ந்திருப்பார். சூடா காபி போட்டு, நானும் பக்கத்தில் உட்காரணும்" என்று எழுந்தார்.