நான்கு சொற்களுக்குப் பூட்டு

கடவுளை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று அரசு கட்டளையிடலாமா? மலேசியாவில் 1986-இல் உள்துறை அமைச்சு அல்லா, காபா, பைத்துல்லா, சோலாட் என்ற நான்கு சொற்களைக் கிறிஸ்துவ வெளியீடுகளில் தடை செய்தது.

கோலாலம்பூர் கத்தோலிக்க இதழ் 'ஹெரால்ட்' நான்கு மொழிகளில் வருவது. தமிழ்ப் பக்கத்தில் 'ஆண்டவர்' என்று அச்சடித்தால் கேட்பாரில்லை. வம்பெல்லாம் கடவுளை 'அல்லா' என்று எழுதும் மலாய்ப் பக்கத்துக்குத்தான்.

தடையை எதிர்த்த வழக்கில் 2009-இல் உயர் நீதிமன்றம் இதழின் பக்கம் நின்றது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, 'அல்லா' என்ற சொல் கிறிஸ்துவத்தின் இன்றியமையாத அங்கமல்ல என்றது. ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை நீதிபதி சொல்வதா, சபா, சரவாக் மாநிலங்களில் தலைமுறைகளாக அந்தச் சொல்லாலேயே ஜெபிப்பவர் சொல்வதா? நியாயம் பின்னவர் பக்கமே.

2014 ஜனவரியில் சிலாங்கூர் மாநில இஸ்லாமிய சமய இலாகா அந்தச் சொல் இருந்த 300-க்கும் மேற்பட்ட பைபிள்களை அள்ளிச் சென்றது. 2021-இல்தான், சரவாக் பெண்ணொருவரிடம் விமான நிலையத்தில் பறித்த 8 கிறிஸ்துவக் குறுந்தட்டுகள் தொடர்பான வழக்கில், 1986 உத்தரவே சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.