கொடிமலையும் இளைப்பாறுதலும்

ஜார்ஜ் டவுனில் வாழ்வோர்க்குக் கோடையென்று தனிப்பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலே. அவ்வெயிலில் வாரமெல்லாம் உழன்றவர்கள் சனி, ஞாயிறு வந்ததும் அண்ணாந்து நோக்கும் இடம் கொடிமலை. ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் மலை இரயில் ஏறினால், சில நிமிடங்களில் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் மேலே சென்று நிற்கலாம். நகரைவிட அங்கே வெப்பம் 5 பாகை அளவு குறைவு. இந்த ஐந்து பாகைக்காக மனிதர் பட்ட பாடும், மனிதர் பிற மனிதரைப் படுத்திய பாடும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே மலைமேல் பாதை வெட்டப்பட்டது. வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஐரோப்பியர் உடல் தேறுவதற்கென்று அங்கே மாளிகைகள் எழுந்தன. நீலகிரியில் உதகை நகரம் தோன்றியதும் இத்தகைய நோக்கத்தினால்தான். 1906இல் கைவிடப்பட்ட முதல் முயற்சிக்குப் பின், கொடிமலை இருப்புப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது 1923இல். அதுவரை மேலே செல்வோர் குதிரையிலும் டோலியிலும் சென்றனர். டோலியில் அமர்ந்தவர் உச்சியில் இளைப்பாறினார். சுமந்தவரோ இறக்கி வைத்த இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த சுமைக்காகக் கீழே இறங்கினார். இருவரும் ஒரே மலைக்குத்தான் சென்றனர். ஒரே காற்றைத்தான் உட்கொண்டனர்.

ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய தோளின்மேல்தான் அமர வேண்டுமா என்னும் வினா மிகப் பழையது. ஓய்வே மனித வாழ்வின் உயர்ந்த பயன்களுக்கு வாயில் என்று கருதியவர் அரிஸ்டாட்டில். ‘ஸ்கூல்’ என்னும் சொல்லும் ஓய்வைக் குறிக்கும் ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. (நம் மாணவர்களிடம் இதைச் சொன்னால் நகைப்பார்கள்.) ஆனால், அந்த அரிஸ்டாட்டிலே அடிமை முறையை இயற்கையானதென்று ஏற்றுக்கொண்டார். குடிமக்கள் ஓய்ந்திருந்து சிந்திக்க, அடிமைகள் ஓயாது உழைத்தனர்.

நம் மரபு என்ன கூறுகிறது? திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஓய்வுக்கென்று ஓர் அதிகாரம் இல்லை. அதனால் வள்ளுவர் ஓய்வை வெறுத்தார் என்று கொள்வது பிழை. மடி வேறு, ஓய்வு வேறு. மடி செய்ய வேண்டியதைச் செய்யாதிருத்தல்; ஓய்வோ செய்தவனுக்கு உரியது. எனினும் ‘ஓய்தல்’ என்னும் சொல்லில் தளர்ச்சியின் நிழல் படிந்திருக்கிறது. மழை ஓய்கிறது, கை ஓய்கிறது. எனக்கு உவப்பான சொல் ‘இளைப்பாறுதல்’. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. இளைப்பும் அவ்வாறே ஆற வேண்டும். ஆறுவதற்குக் குளிர்ச்சி மட்டும் போதாது, காலமும் வேண்டும் என்பதை நான் என் தாயாரிடம்தான் கற்றேன்.

அவர் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டுத் தொடங்கிவிடும். எங்கள் லயத்து வாசலில் நின்றால் கடலுக்கு அப்பால் கொடிமலை தெரியும். இரவில் அதன் உச்சியில் மினுங்கும் விளக்குகளை அவர் ‘துரைமார் வீட்டு விளக்கு’ என்பார். நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வை அவருக்கும் உரிமையாக்கியிருந்தது. அந்த நாளில் அவர் விறகு பொறுக்கினார், துணி துவைத்தார், எங்கள் தலையில் எண்ணெய் தேய்த்தார்.

2010இல் பழைய மலை இரயில் நிறுத்தப்படுவதற்கு முந்தைய ஆண்டு அவரை மேலே அழைத்துச் சென்றேன். நடுவழி நிலையத்தில் வண்டி மாறி, அரைமணி நேரத்திற்குமேல் பயணம். முருகன் கோயிலில் வணங்கிவிட்டு ஒரு மரநிழலில் இருக்கையில் அமர்ந்தோம்.

“இங்க என்னப்பா செய்யணும்?” என்றார்.

“ஒன்னும் செய்ய வேணாம்மா. சும்மா உட்கார்ந்திருங்க.”

சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பின்னர் எழுந்து இருக்கையைச் சுற்றிக் கிடந்த சருகுகளைக் கூட்டி ஓரமாகக் குவிக்கத் தொடங்கினார். மணி என்ன என்று நான்கு முறை கேட்டார். நான் எரிச்சலுற்று, “ஒரு நாளாவது சும்மா இருக்கத் தெரியாதா?” என்றேன். தெரியாது என்பதுதான் உண்மை. பசிக்குச் சோறு மறுத்தால் பசி வளர்கிறது. ஓய்வை நாற்பதாண்டு மறுத்தாலோ ஓய்வின் வேட்கையே மாய்ந்துவிடுகிறது. இதனை எந்தச் சட்டமும் அளந்து கூறுவதில்லை. ஓய்வு மனிதனின் உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் உரைக்கிறது. உரிமையைத் துய்க்கும் ஆற்றல் பறிபோனவர்க்கு அப்பிரகடனம் என் செய்யும்?

நம் சமுதாயம் ஓயாது உழைத்ததால்தான் இவ்வளவேனும் உயர்ந்தது என்பார் உண்டு. அதனை நான் இகழ மாட்டேன்; அந்த உழைப்பின் கூலியில்தான் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றேன். ஆயினும் தாய்க்கு நேர்ந்ததை அறிந்த பின்னரும் நான் செய்தது என்ன? யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காகச் சனிக்கிழமைதோறும் வகுப்பு வைத்தேன். மேசையில் தலைசாய்த்து உறங்கிய சிறுவனை எழுப்பி நிற்க வைத்தேன். 2021இல் அத்தேர்வு கைவிடப்பட்டது; சனிக்கிழமை வகுப்பு வேறு பெயரில் தொடர்ந்தது.

சென்ற ஆண்டு மாணவர்களைக் கொடிமலைக்கு அழைத்துச் சென்றபோது ஆளுக்கொரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தேன். திரும்பும் வழியில் ஒரு சிறுமியிடம், “மேலே என்னம்மா பார்த்தாய்?” என்றேன். எல்லா விடைகளும் எழுதிய தாளை எடுத்து நீட்டினாள். அவள் அதனைக் கையால் நீவிச் சரிசெய்து கொடுத்தபோது, சருகு கூட்டிய கைகள் நினைவுக்கு வந்தன.

இவ்வாண்டு தாள் கொடுக்கவில்லை. மறுநாளே ஒரு தந்தையார் அலுவலகத்திற்கு வந்தார். வாரம் ஏழு நாளும் லாரி ஓட்டுபவர். “சும்மா சுத்திப் பார்க்கவா சார் காசு கட்டினோம்?” என்று கேட்டார். சற்று அமருங்கள், பேசுவோம் என்றேன். நேரமில்லை என்று நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.