அமைச்சரும் அரசனும்

கணினி நினைக்கிறதா என்று கேட்குமுன், நினைப்பு என்று நாம் சொல்வதில் எத்தனை தொழில்கள் அடங்கியிருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சைவ சித்தாந்தம் அந்தப் பிரிவை என்றோ செய்துவைத்துவிட்டது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களில், அதாவது அகக்கருவிகளில், எதுவும் ஆன்மா ஆகாது என்கிறது, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம். அவை மாயையில் தோன்றிய சடப்பொருள்கள். அரசனுக்கு அமைச்சர்போல் உயிருக்குத் துணைநிற்பவை. பற்றுவதும் சிந்திப்பதும் துணிவதும் கருவிகளின் தொழில், அறிபவன் வேறு. கணினியின் வரலாறு இந்தப் பிரிவுக்கு வலுச் சேர்க்கிறது என்பதே என் வாதம்.

1642இல் பாஸ்கல் தொடங்கிய கணக்கிடும் பொறி, கூட்டலையும் கழித்தலையும் பற்சக்கரங்களிடம் ஒப்படைத்தது. 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறியில் எண்களைச் சேமிக்க ஓரிடம், கணக்கிட வேறோரிடம் என்று தொழில்கள் பிரிந்தன. 1945இல் உருவான எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய சில்லுகளிலோ பல நூறு கோடி. 1997இல் டீப் புளூ என்னும் கணினி, உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. இத்தனை வளர்ச்சியும் வேகத்திலும் கொள்ளளவிலும்தான். 1936இல் ஆலன் டூரிங் தாளில் வரையறுத்த எளிய பொறியால் கொள்கையளவில் கணிக்க முடியாத எதையும் இன்றைய கணினியாலும் கணிக்க முடியாது. புத்தியின் தொழில் என்று நாம் போற்றியவற்றைச் சடமே செய்துகாட்டுகிறது. அமைச்சர்கள் பெருகியிருக்கிறார்கள், அரசன் அதனால் தோன்றிவிடவில்லை.

இதற்கு டூரிங்கே வலுவான மறுப்பைத் தந்திருக்கிறார். பிறர் அறிவுடையவர் என்பதை அவர்களது பேச்சையும் செயலையும் கொண்டுதானே ஏற்கிறோம், பொறிக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன் என்பது 1950இல் ஒரு கட்டுரையில் அவர் எழுப்பிய கேள்வி. ஆனால் பேச்சு ஓர் அடையாளம் மட்டுமே. பசியும் வலியும் மரணமும் நம்மைப் போலவே உள்ள ஒருவர் பேசும்போது, அந்தப் பேச்சுக்குப் பின்னே நம்மைப் போன்ற அனுபவம் உண்டென்று கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. மனிதர் எழுதிக் குவித்தவற்றிலிருந்தே பேசப் பழகிய பொறியிடம் அந்த அடையாளம் தன் சாட்சித் தன்மையை இழந்துவிடுகிறது.

அதே கட்டுரையில் டூரிங் சமயவாதிகளுக்கும் பதில் சொன்னார்: குழந்தை பெறுவது இறைவனின் படைப்புரிமையைப் பறிப்பதாகாது, பொறி செய்வதும் அப்படித்தான், அவன் படைக்கும் உயிர்களுக்கு நாம் வீடு அமைத்துத் தருகிறோம். இது எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. ஆயினும் சித்தாந்தத்தில் உயிர்கள் படைக்கப்படுபவை அல்ல, அநாதியானவை. உடல் என்பது வினைப்பயனாகிய இன்பதுன்பங்களை நுகர்வதற்கு அமைந்த இடம். தனக்கென்று எதையும் நுகராத அமைப்பு, எவ்வளவு திறமையாகக் கணித்தாலும், உயிரின் வீடு ஆகாது. நாளை ஒரு பொறி துன்பத்தை உண்மையிலேயே நுகர்கிறது என்று தெளிந்தால் அந்தக் கேள்வியை மீண்டும் திறக்கலாம். கணிக்கும் திறன் மட்டும் அதைத் திறக்காது.

இந்தப் பிரிவு நடைமுறைக்கும் வேண்டியது. ஒருவருக்குக் கடன் மறுப்பதையும், நோயாளிகளுள் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதையும் கணினியின் கணிப்பைக் கொண்டு முடிவுசெய்யலாம். அந்த முடிவின் வினை பொறியைச் சேராது. அதை ஏவியவரையே சேரும். புத்தியின் வேலையைக் கருவியிடம் கொடுங்கள், பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.