சூடு ஆறும் முன்னே

நியூ ஜெர்சி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பேசுகிறேன்.

பொருநராற்றுப்படையில் கரிகால் சோழன் கொடுத்த விருந்தை முடத்தாமக்கண்ணியார் சொல்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பசியோடு வந்த கலைஞனை அரசன் பக்கத்திலேயே உட்காரவைத்து, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைத் தின்னச் சொல்கிறான். துண்டோ நெருப்பாய்க் கொதிக்கிறது. வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒதுக்கித்தான் தின்ன முடிகிறது. ஆறட்டும் என்று கீழே வைக்க அவனுக்கு மனமில்லை என்பது எனக்குப் புரிகிறது. சுட்ட கறியின் ருசி அந்தச் சூட்டில்தானே இருக்கிறது!

அந்தக் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். நம் ஊரில் பஸ் ஏறி மன்ஹாட்டனில் போர்ட் அதாரிட்டியில் இறங்குங்கள். வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் 53ஆம் தெருவில் டோரி ஷின் என்ற கடை இருக்கிறது. மிச்செலின் நட்சத்திரம் வாங்கிய யாகிடோரிக் கடை. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் நகரத்தில் எளிய கடைகளும் உண்டு. யாகிடோரி என்பது ஜப்பானியர்களின் சுட்ட கோழி. சிறு சிறு துண்டாக நறுக்கி, குச்சியில் குத்தி, கரி நெருப்பில் வாட்டிக் கொடுப்பார்கள். மேஜை வேண்டாம், அடுப்புக்கு எதிரே நீளப் பலகையில் இடம் கேட்டு வாங்குங்கள். இந்தச் சாப்பாட்டின் அருமை அங்கேதான் தெரியும்.

ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையை அப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போனோம். அத்தை என்றால் என் மாமியார், பரமக்குடிக்காரர். எங்கள் முன்னால் நின்று சுட்டவர் ஓர் இளைஞர். அடுப்பு நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. கறி மட்டும் தணலுக்கு மேலே நிற்க, குச்சியின் பிடி கருகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் விசிறி. இன்னொரு கை சும்மா இருக்கவே இல்லை. ஒரு குச்சியைத் திருப்புகிறது, அடுத்ததைத் தணல் குறைந்த ஓரத்துக்குத் தள்ளுகிறது, மூன்றாவதை எடுத்துச் சாற்றுப் பானையில் முக்கி மறுபடி நெருப்பில் வைக்கிறது. சோயா சாஸ், மிரின், சாக்கே, சர்க்கரை எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய அந்தச் சாற்றைத் தாரே என்கிறார்கள். பழைய கடைகளில் பானையை அடியோடு காலி செய்வதில்லை. குறையக் குறையப் புதுச் சாற்றை ஊற்றிக்கொண்டே வருவார்கள்.

அத்தையின் கண் முதலில் கரி மேல்தான் போயிற்று. "புகையவே இல்லையே, என்ன கரிடீ இது?" என்றார். ராமநாதபுரம் ஜில்லாக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, நாள் கணக்கில் காவல் இருந்து எடுக்கிற கரி அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இங்கே எரிந்தது பின்சோட்டான். ஜப்பானில் வகயாமா பக்கத்து ஒருவகை ஓக் மரத்துக் கரி. தனபே ஊரில் கரி வியாபாரம் செய்த பிச்சூயா சோசாயெமோன் பெயரால் வழங்குவது. சூளையில் கடைசியாகக் காற்றைத் திறந்துவிட்டு ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, செக்கச்செவேலென்று இருக்கும்போதே வெளியே இழுத்து, ஈரச் சாம்பலும் மணலும் போட்டு மூடுகிறார்கள். புகையக்கூடியதெல்லாம் சூளையிலேயே எரிந்து தீர்ந்துவிடும். தட்டினால் உலோகம் போல ஒலிக்கும். கறிக்குப் புகை நாற்றம் ஏறாமல் அனல் மட்டும் கிடைக்கிறது.

ஒரு கோழியில் இத்தனை சாப்பாடு இருக்கிறது என்பதை இங்கே வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும். தொடை, கழுத்து, ஈரல், இருதயம், இரைப்பை, குருத்தெலும்பு, தோல், வால்பக்கத்துக் கொழுப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் குச்சியில் வரும். ஈரல் உள்ளே இளசாக இருக்கும்போதே இறங்க வேண்டும். தோல் நிதானமாக நின்று, கொழுப்பெல்லாம் வடிந்து மொறுமொறுப்பாக வேண்டும். சோச்சின் என்று ஒன்று உண்டு. இடாத முட்டையின் மஞ்சள் கரு குச்சி நுனியில் தொங்கும். முட்டைக்கோழியை அறுக்கிற அன்றைக்கு அந்த மஞ்சள் உருண்டைகள் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தனியே போகும் என்பதை நாட்டுக்கோழி வளர்த்த வீடுகள் அறியும். அத்தை அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எலும்பும் தோலும் நீக்கி நெஞ்சுக்கறியை மட்டும் பொட்டலமாக வாங்கியே பழகிய நம் பிள்ளைகளுக்கு ஒரு கோழியை முழுசாக அறிமுகம் செய்ய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இது ஆதியில் பெரிய மனிதர் சாப்பாடும் இல்லை. கி.பி. 675இல் ஜப்பானியச் சக்கரவர்த்தி தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை போட்டார். வருஷத்தில் பாதி மாதங்களுக்குத்தான், ஆனாலும் அந்த வழக்கம் ஊறிப்போயிற்று. பல நூற்றாண்டு கழித்து, மெய்ஜி காலத்தில், கோழிக்கறி விடுதிகள் கழித்துப் போட்ட துண்டு துணுக்குகளைத் தள்ளுவண்டிக்காரர்கள் சுட்டு விற்றார்கள். உழைக்கிற ஜனங்களின் தீனியாகத்தான் இது வளர்ந்தது.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஷீடாகே காளான், ஷிஷிதோ மிளகாய், வெங்காயத் தண்டு, கிங்கோ மரத்துக் கொட்டை எல்லாம் குச்சியில் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் அடுப்பு ஒன்றுதான். தாரே பானையில் பாதி வெந்த கோழியை முக்கி எடுத்திருப்பார்கள், அதில் மதுவும் சேர்ந்திருக்கும். உப்பு மட்டும் போடச் சொல்லலாம், அடுப்பைத் தனியாகக் கேட்க முடியாது. விரதக்காரர்களையும் ஆசாரம் பார்க்கிற பெரியவர்களையும் வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள்.

அன்றைக்கு அத்தை ரொம்ப நேரம் பேசாமல் அந்த இளைஞரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் காதோரம் கேட்டார்: "அந்தப் பிள்ளை எப்ப சாப்பிடும்?"

வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்றவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த வேறு யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். ஆனால் அந்தப் பலகை எங்களை ஒரு விதத்தில் மாற்றியிருந்தது. இரண்டு முழம் தள்ளி ஒருவர் வியர்க்க நின்று நமக்காகவே சுட்டு நீட்டும்போது, குச்சியை ஆறவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது. ஒன்றைத் தின்று முடித்தோமா என்று பார்த்துத்தான் அவர் அடுத்ததைத் தணலில் வைக்கிறார். ஜப்பானியர்கள் எழுந்து போகும்போது "கோச்சிசோசாமா தேஷிதா" என்று சமைத்தவருக்கே நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நம் வீட்டுத் தோசையும் இப்படித்தான், கல்லை விட்டு இறங்கினதும் தின்ன வேண்டியது. ஒவ்வொன்றாகத்தான் வரும், சூட்டோடுதான் வரும். ஆனால் சுடுகிறவர் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். "இன்னொண்ணு போடட்டுமா?" என்ற குரல் மட்டும் நம்மிடம் வருகிறது. எல்லாரும் கை கழுவிய பிறகு, பாத்திரத்தை வழித்து ஊற்றிய கடைசித் தோசையை அவர் நின்றுகொண்டே தின்கிறார். நான் பார்த்த பல வீடுகளில், இந்த அமெரிக்காவிலும், அப்படித்தான் நடக்கிறது. அது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த உழைப்பு கண்ணில் படாததால்தான் பிள்ளைகள் டி.வி. முன்னால் தட்டை வைத்துத் தோசையை வறட்டியாக்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி இப்போது மின்சாரக் கல்லைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்துவிட்டோம். மாவுப் பாத்திரம் ஒரு பக்கம், சட்னி ஒரு பக்கம். ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஊற்ற வேண்டும், என் கணவரும்தான். முதல் தோசை யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போட்டபோது அத்தை ஒரே வார்த்தையில் தீர்த்துவைத்தார். சுடுகிறவருக்கு.